அரசர் தூங்கிய காடு

பனிமூடி நாட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். கிரீடத்தை ஒரு வாரம் கழற்றி மேசைமேல் வைப்பார்கள். மக்கள் வரிசையில் நின்று வாக்களிப்பார்கள். வாக்கை எண்ணி முடித்ததும் கிரீடம் அதே தலைக்குத் திரும்பிப் போகும். அந்த ஒரு வாரத்தில் கிரீடத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடுவார்கள். ஆகவே தேர்தலால் நாட்டுக்குப் பயனே இல்லை என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிட முடியாது.

அந்த அரசருக்குத் தூக்கம் வரவில்லை. பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுத்துப் பார்த்தார்கள். கசகசாவை அரைத்துக் கொடுத்தார்கள். அமைச்சர்களின் உரைகளை வாசித்துக் காட்டினார்கள். வாசித்தவர்கள் தூங்கினார்களே தவிர அரசர் தூங்கவில்லை. கடைசியில் காற்று மாறினால் சரியாகும் என்று மூங்கிலடிக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு நாவல் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மத்தியான வேளை. மலையிலிருந்து பனி இறங்கிப் புல்மேல் படிந்துகொண்டிருந்தது. அரசர் அங்கே மூன்று மணி நேரம் தூங்கினார். தூங்கியதோடு நில்லாமல் கனவும் கண்டார்.

கனவில் வெள்ளைப் பனிக்குள் அவர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தார். காற்று இல்லாமலே புல் சாய்ந்தது. இலைகள் மேலிருந்து கீழே வராமல் நின்ற இடத்திலேயே சுழன்றன. மனிதர் ஒருவரும் இல்லை. ஓடையைத் தாண்டி மிதக்கப் போகும் நேரத்தில் எங்கோ ஒரு இன்ஜின் உறுமியது. அரசர் விழித்துக்கொண்டார்.

"யார் அது?" என்று கேட்டார்.

அது செவ்வாய்க்கிழமைதோறும் மூங்கிலடிக்கு வந்துபோகும் ஆஸ்பத்திரி ஜீப்.

அரண்மனையில் கனவுப் பதிவாளர் என்று ஒருவர் உண்டு. வேழமுத்தனார் என்று பெயர். அரசர் கண்டதை எழுதி, அதிலிருந்து சட்டத்தைப் பிரித்தெடுத்து அரசிதழில் போடுவது அவர் வேலை. அன்று மாலையே முதல் ஆணை வந்துவிட்டது. "மூங்கிலடிக் காடு இன்றுமுதல் தூய வனம். வனம் என்பது மனிதர் வந்து போகும் இடம், தங்கும் இடமன்று. இன்ஜின் எதுவும் இதனுள் நுழையலாகாது." காட்டைச் சுற்றி வேலி போட்டு, கல்வாசல் என்ற இடத்தில் ஒரே ஒரு வாயில் வைத்து, பதிவாளரையே அதற்கு ஆணையராகவும் நியமித்தார்கள். இரண்டு பதவிக்கும் அவர் ஒரே தொப்பியை அணிந்துகொண்டார். அவ்வளவு எளிமையான மனிதர்.

காட்டின் நடுவில் நாற்பது வீடுகள் இருந்தன. அதுதான் மூங்கிலடி. அங்கே வெள்ளச்சி என்றொருத்தி. ஊரில் யார் காட்டுவழி போனாலும் அவள் முன்னால் நடந்து குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். "ஐயாமாரே, மூங்கிலடிச் சனம் வர்றோம், ஒதுங்கிக்கங்க!" ஐயாமார் என்றால் யானைகள். யானைக்குத் திடுக்கிடுவதுதான் பிடிக்காது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மரியாதை தெரிந்த பெரியவர்களைப் போல அதுபாட்டுக்கு விலகிக்கொள்ளும். அந்தக் குரல் இல்லாமல் மூங்கிலடியில் ஒருவரும் காட்டுப் பாதையில் காலெடுத்து வைப்பதில்லை.

முதல் ஆணையைக் கேட்டபோது ஊரில் எல்லோரையும் விட அதிகம் மகிழ்ந்தவள் வெள்ளச்சிதான். "இனிமே மரம் ஏத்துற லாரி வராது. ராசா நல்லா இருக்கணும்," என்று கையைத் தட்டினாள். லாரியோடு ஆஸ்பத்திரி ஜீப்பும் நின்றுபோகும் என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை வரை அவளுக்கு உறைக்கவில்லை.

அவள் மகள் நீலி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. ஏற்கனவே இரண்டு குழந்தைகள் வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டன. கடைசியாக ஜீப் வந்த அன்று நர்ஸம்மா வெள்ளச்சியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இத வீட்டுல வெச்சுப் பாக்காதே வெள்ளச்சி. வலி எடுத்ததும் கொண்டாந்துடு. இல்லேன்னா புள்ளையோட பொண்ணும் மிஞ்ச மாட்டா." ஆஸ்பத்திரி கல்வாசலைத் தாண்டி எழுபது அடியில் இருந்தது. மூங்கிலடியிலிருந்து கல்வாசல் பதினோரு மைல்.

ஜீப் இல்லாவிட்டால் என்ன, மாட்டுவண்டி இருக்கிறது என்று மருமகன் கும்பன் தைரியம் சொன்னான். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மெத்தை மாதிரி செய்தும் வைத்தான். அதற்குள் அரசர் இரண்டாவது கனவு கண்டார். பனிக்குள் ஒரு சாத்துக்குடி உருண்டு போனதாம். அதன்பின் மிதக்க முடியவில்லையாம். பதிவாளர் யோசித்து, "சக்கரம் என்பது இன்னும் பேசக் கற்காத இன்ஜின்," என்று எழுதினார். உருளும் பொருள் அனைத்தும் தடை. சேவகர்கள் வந்து வண்டிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். சைக்கிள்களைக் கொண்டுபோனார்கள். ஆட்டுக்கல் குழவி ஒன்றையும் பிடித்துப்போய், மூன்று நாள் விசாரணைக்குப் பின், ஆள் உருட்டினால் ஒழியத் தானாக உருளாது என்று கண்டு விடுதலை செய்தார்கள். சக்கரமில்லாத வண்டி கும்பன் வீட்டு வாசலில் வைக்கோல் மெத்தையோடு கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிடத் தொடங்கின.

பிறகு தலைநகரிலிருந்து மௌன நடையாளர்கள் வந்தார்கள். கம்பளிச் செருப்பு போட்டுக்கொண்டு, மூன்று மூன்று பேராக, பனிக்குள் நிழல்போல நடந்தார்கள். மரத்தைப் பார்த்தால் நின்று பெருமூச்சு விடுவார்கள். நல்லவர்கள்தான், ஒரு இலையைக்கூடப் பறிக்கமாட்டார்கள். அவர்களைப் பார்க்கையில் வெள்ளச்சிக்குக்கூட ஒரு மயக்கம் வரும். இவ்வளவு அழகான இடத்திலா நாம் இத்தனை நாளாக விறகு பொறுக்கினோம் என்று தோன்றும். அவர்களில் ஒரு சீமாட்டி, காலை வேளையில் யாரோ ஒரு பெண் யானைகளை விளித்துக் கத்துவதால் தன் உள்ளத்தின் அமைதி கெடுகிறது என்று கல்வாசலில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாம் கனவில் அரசரும் ஒரு குரலைக் கேட்டார். ஆணை வந்தது: பெருமூச்சைவிடப் பெரிய ஒலி எதுவும் வனத்தில் கூடாது.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் வெள்ளச்சி, கல்வாசல் காதுக்கு எட்டாத தூரம்வரை குரல் கொடுத்துக்கொண்டே நடந்து போனாள். பதிவாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளை வரவேற்றார்.

"சத்தம் போடாட்டி யானை மிதிச்சுப்புடும் சாமி."

"யானையின் நலனை அரசு கருத்தில் கொண்டிருக்கிறது. சூழல் அமைதியாக இருந்தால் யானையும் அமைதியாக இருக்கும் என்று வல்லுநர் குழு அறிக்கை தந்திருக்கிறது."

"அந்தக் குழு யானையப் பாத்துச்சா?"

"பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் பார்க்கவில்லை."

வெள்ளச்சி வந்த விஷயத்துக்கு வந்தாள். "எம்பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம் சாமி. வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு வர்றது?"

"நடந்து வரலாம். இது நடப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட காடு."

"வலியோட எப்படி சாமி நடப்பா?"

"மௌனமாக," என்றார் பதிவாளர்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கல்வாசலைக் கடந்துபோக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெள்ளச்சி, நீலி, கும்பன், கும்பனின் தம்பி. மொத்தம் நான்கு பேர்.

பத்து நாள் கழித்து விடியற்காலையில் வலி எடுத்தது. மூங்கில் கழியில் போர்வையைத் தூளிபோல் கட்டி, நீலியை அதில் படுக்கவைத்து, அண்ணனும் தம்பியும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கத்தக் கூடாதே என்று நீலி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வெள்ளச்சி வழக்கம்போல் முன்னால் நடந்தாள். பனி அடர்த்தியாக இருந்தது. மரங்கள் பக்கத்தில் வந்து முகம் காட்டிவிட்டு மறுபடி மறைந்தன. நான்கு பேரும் அரசரின் கனவுக்குள் நடப்பதுபோல ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தார்கள்.

"குரல் குடுங்க அத்தை," என்று கும்பன் பின்னாலிருந்து கிசுகிசுத்தான்.

"வேணாம் மாப்ளே. போன வாரம் கூப்பாடு போட்டதுக்கு நம்ம ஊரு செவனனை மூணு நாள் கல்வாசல்ல உக்கார வெச்சாங்க. இன்னைக்கு நம்மள உக்கார வெச்சா இவ கதி என்ன?"

பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் அவள் வாயை மூடிக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான். ஓடைத் திருப்பத்தில் பனி கொஞ்சம் விலகியது. இருபது அடியில் ஒற்றை யானை நின்றது. நால்வரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். ஓடினால் துரத்தும். அது காதை விரித்து ஒரு முறை பார்த்துவிட்டு, மூங்கில் குருத்தைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. வெயில் ஏறியது. தூளியை மெல்லத் தரையில் இறக்கினார்கள். வெள்ளச்சி பக்கத்தில் உட்கார்ந்து மகளின் வாயில் இருந்த துணியை இன்னும் இறுக்கினாள். ஊருக்கெல்லாம் வழி கேட்டுக் கொடுத்தவள், பெற்ற மகளுக்குக் கேட்காமல் போனேனே என்று நெஞ்சு வெந்தது. அந்த அரசரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

குழந்தை அங்கேயே பிறந்தது. பெண். பிறந்ததும் வீறிட்டு அழுதது. அந்தக் காட்டில் அரசாணை தெரியாத ஒரே ஜீவன் அதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் யானை தின்பதை நிறுத்தியது. பிறகு திரும்பி ஓடையில் இறங்கிப் போய்விட்டது.

கல்வாசலை அடைந்தபோது நீலியின் புடவை நனைந்து, முகம் வெளுத்திருந்தது. பதிவாளர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"நான்கு பேர் என்று இருக்கிறது. எனக்கு ஐந்து வருகிறது."

"வழியில பொறந்துச்சு சாமி."

"எந்த இடத்தில்?"

"ஓடைத் திருப்பத்துல."

"அது எல்லைக்குள் வருகிறது." பதிவாளர் வாயிலில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். தேன், கிழங்கு, சுள்ளி, இறகு என்று வரிசையாக எழுதி, வனத்தில் விளைந்த எதையும் வெளியே கொண்டுபோகலாகாது என்று முடித்திருந்தது. "இது வன விளைபொருள்."

"புள்ளைங்க சாமி! மனுசப் புள்ள!"

"அதைத்தான் சட்டம் ஆராய்கிறது. மனிதர் தங்கினால் அது வனம் ஆகாது. இது வனம் என்பது அரசாணை. ஆகவே இங்கே தங்குகிறவர்கள் மனிதர் ஆகமாட்டார்கள். இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது."

"அப்ப எம்பொண்ண மட்டுமாச்சும் விடுங்க. ரத்தம் நிக்கல."

"தாயையும் சேயையும் பிரிக்கலாகாது என்று வனவிலங்குச் சட்டம் கருணையோடு சொல்கிறது அம்மா," என்றார் பதிவாளர். சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது.

கம்பிக்கு வெளியே நர்ஸம்மா நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவாளர் கண்ணைத் துடைத்த நேரத்தில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தைக் கம்பி இடுக்கில் தள்ளிவிட்டாள். "நாலு நாளைக்கு வரும். அதுக்குள்ள எப்படியாச்சும் கொண்டாந்துடு," என்றாள்.

மறுநாள் அரசிதழ் மகிழ்ச்சியான செய்தியோடு வந்தது. தூய வனத்தில் நூற்று எண்பத்திரண்டு புதிய விலங்குகள் கண்டறியப்பட்டுள்ளன, இரண்டு கால் கொண்டவை, கூட்டமாக வாழ்பவை, காலையில் புகை விடுபவை, இனப்பெருக்கமும் நடக்கிறது. தலைநகரில் கையுறை போட்டுக்கொண்டு சத்தம் வராமல் கைதட்டினார்கள். மூங்கிலடிக்கு வந்துகொண்டிருந்த ரேஷன் அரிசி நின்றது. வன உயிர்களுக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றம். மௌன நடையாளர்கள் நாற்பது அடி தள்ளி நின்று, வெள்ளச்சி கிழங்கு உரிப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

இரத்தம் நின்றது. ஆனால் மாத்திரை தீர்ந்ததும் நீலிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. பால் வற்றிக் குழந்தை ஈனசுரத்தில் முனகியது. தெரிந்த பச்சிலையெல்லாம் அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் காட்டுக்குள் இன்ஜின் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று புழுதி பறக்க வந்து ஊர் நடுவில் நின்றது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!" என்று முழங்கியபடி பதிவாளர் இறங்கினார். தேர்தல் வந்துவிட்டது. ஜனநாயகத்தின் ஒலி ஓசையாகக் கருதப்படமாட்டாது என்றும், வாக்காளரைச் சுமக்கும் சக்கரம் சக்கரம் ஆகாது என்றும் ஆணை போட்டிருந்தார்கள்.

"மிருகம் ஓட்டுப் போடலாமா சாமி?" என்று வெள்ளச்சி கேட்டாள்.

"கூடாது. ஆகவே வாக்குப்பதிவு அன்று நீங்கள் மனிதர்கள்."

"எத்தனை மணி வரைக்கும்?"

பதிவாளர் இதை யோசித்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "வாக்கு எண்ணச் சில நாள் ஆகும். எண்ணுவதற்குள் நீங்கள் விலங்காகிவிட்டால் அத்தனையும் செல்லாத வாக்காகிவிடும்... சரி, விரலில் வைத்த மை அழியும் வரை மனிதர் என்று வைத்துக்கொள்வோம்." தன் அறிவை எண்ணித் தானே பூரித்து அதை உடனே குறித்துக்கொண்டார்.

"எம்பொண்ண இந்த ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறதே. இன்று அவள் மனிதராக இல்லை."

அந்த நான்கு நாளும் வெள்ளச்சி கண்ணை மூடவில்லை. மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். "இன்னும் மூணு நாளு தாங்கிக்க கண்ணு, மனுசியாயிடுவே," என்றாள். பிறகு, "ரெண்டு நாளு," என்றாள். நீலி காய்ச்சல் மயக்கத்தில், தான் தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதப்பதாகச் சொன்னாள். வெள்ளச்சி அவள் கால்களைப் பிடித்துப் பாயோடு அழுத்திக்கொண்டாள்.

வாக்குப்பதிவன்று காலையில் பதினொரு ஜீப்புகள் வந்து வாசல் வாசலாக நின்றன. சேவகர்கள் இறங்கி, "வாங்கம்மா, பாத்து ஏறுங்க," என்று கைகொடுத்து ஏற்றினார்கள். நீலியைத் தூக்கிக் கிடத்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். குழந்தைக்கு ஓட்டு இல்லை. அது இன்னமும் வன விளைபொருள்தான். வெள்ளச்சி அதைப் போர்வைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கி போட்ட சத்தத்தில் அது அழுதது யார் காதிலும் விழவில்லை. பதினோரு மைலையும் ஜீப் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிட்டது. இவ்வளவுதானா, இவ்வளவுக்குத்தானா என்று வெள்ளச்சி வழியெல்லாம் அழுதாள்.

கல்வாசலுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். அரசரின் சின்னம் தலையணை. எதிர்த்து நின்ற அவருடைய மைத்துனரின் சின்னம் மெத்தை. நீலியைத் தூக்கிப்போய் வாக்களிக்கவைத்தார்கள். அவள் இடக்கை விரலில் மை வைத்தார்கள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. குழந்தையைக் கையில் வைத்திருந்ததால் வெள்ளச்சி வரிசையில் நிற்காமல் மகளோடு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சேவகன் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தான். நீலியின் விரலைப் பார்த்து, "மனிதர். உள்ளே போகலாம்," என்றான். போர்வையை விலக்கிப் பார்த்து, "இதுக்கு மை எங்கே? மை இல்லாததைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பணும்," என்றான்.

நர்ஸம்மா உள்ளிருந்து வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கும் காய்ச்சல் ஏறுதே," என்றாள். சேவகனிடம் குரலை உயர்த்திக் கேட்டாள், பயனில்லை. பதிவேட்டில் விரலின் மையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று இருந்தது.

வெள்ளச்சி குழந்தையைக் கும்பனிடம் கொடுத்துவிட்டுப் பந்தலுக்கு ஓடினாள். வரிசை நீண்டிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் சனத்தைப் பார்த்து, "ஒதுங்கிக்கங்க, ஒதுங்கிக்கங்க!" என்று கத்தினாள். மூங்கிலடி ஆட்கள் வழி விட்டார்கள். விரலை நீட்டினாள், மை வைத்தார்கள். தலையணையில் குத்தினாளா மெத்தையில் குத்தினாளா என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மை காய்வதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று விரலை எதிலும் படவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தாள். குழந்தையின் சுண்டைக்காய்க் கையை விரித்து, அதன் ஆள்காட்டி விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். நகத்திலும் தோலிலுமாகக் கறுப்பு ஒட்டியது.

சேவகன் குனிந்து பார்த்தான். மை இருந்தது. இந்த வயதில் மை வைக்கலாமா என்று அவனிடம் இருந்த ஆணையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. "மனிதர்," என்று எழுதிக்கொண்டான்.

வாக்குகளை எண்ணியபோது அரசர் வென்றார். கிரீடம் பளபளவென்று திரும்பிப் போனது. ஐந்தாம் நாள் நீலிக்குக் காய்ச்சல் இறங்கியது, குழந்தைக்கு மறுநாள். மூங்கிலடிச் சனம் விரலில் தேக்கிலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்தக் கை நனையாமல் குளித்தார்கள், அந்தக் கையைத் தொடாமல் உறங்கினார்கள். மனிதராக இருக்கும் ஒவ்வொரு நாளும் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய்வந்தார்கள். ஆனாலும் தோலில் மை எத்தனை நாள் நிற்கும்? ஒவ்வொருவராக அழிந்து வந்தார்கள். அழிந்தவர்களைச் சேவகர்கள் மரியாதையாகக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். நீலிக்கும் வெள்ளச்சிக்கும் குழந்தைக்கும் நகத்தில் மட்டும் ஒரு கீற்று மிச்சமிருந்தது. அது ஒவ்வொரு நாளும் நுனியை நோக்கி நகர்ந்தது.

மூன்றாம் வாரம் ஒரு பிற்பகலில் நர்ஸம்மா ஒரு சின்னக் கத்தரிக்கோலோடு கட்டிலருகே வந்தாள். குழந்தை முகமெல்லாம் கீறி வைத்திருந்தது. அதற்கு நகம் பெரியவர்களைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கறுப்பு ஏறக்குறைய விளிம்புக்கு வந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்கு ஐந்து வருடம் இருந்தது.

"கன்னத்தப் பாரு, எப்படிப் பிராண்டி வெச்சிருக்குன்னு. நகத்த வெட்டி விட்டுடட்டுமா வெள்ளச்சி?"

வெள்ளச்சி குழந்தையின் கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வேணாம்மா. பிராண்டட்டும். கன்னம் ஆறிடும்."